எடை ஏறினால் பி.பி.யும் ஏறுமா? வளரிளம் பருவத்தினர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு இப்போதுதான் 14 வயது முடிந்தது. பள்ளி மருத்துவ முகாமில் உயரம் 162 செ.மீ., எடை 64 கிலோ, பி.பி. 132/84 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 24.4 வருகிறது. 25-க்குள் இருப்பதால் பயமில்லை என்கிறார் என் கணவர். பி.பி.க்கு மாத்திரை போட வேண்டியிருக்குமா?

பதில்: 25 என்ற எல்லை பெரியவர்களுக்கு உரியது. வளரும் பிள்ளைகளுக்கு வயதோடு சேர்ந்து எல்லையும் நகரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி, 14 வயதுப் பையனுக்கு பி.எம்.ஐ. 21.8-ஐத் தாண்டினால் அதிக எடை, 25.9-ஐத் தாண்டினால் உடல் பருமன். உங்கள் மகன் அதிக எடைப் பிரிவில் இருக்கிறான். பெரியவர்களின் அட்டவணையை வைத்துப் பார்த்ததால்தான் அது உங்கள் கணவர் கண்ணில் படவில்லை.

பி.பி.க்கு வருவோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 13 வயதிலிருந்து 120/80-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. மேல் எண் 120 முதல் 129 வரையும் கீழ் எண் 80-க்குக் குறைவாகவும் இருந்தால் சற்று உயர்வு. 130/80-லிருந்து உயர் ரத்த அழுத்தத்தின் முதல் கட்டம், 140/90-லிருந்து இரண்டாம் கட்டம். ஐரோப்பிய வழிகாட்டுதல் 16 வயதுவரை வயது, பாலினம், உயரம் மூன்றையும் சேர்த்துத்தான் எல்லையை முடிவு செய்கிறது. எப்படிப் பார்த்தாலும், முகாமில் ஒரே ஒரு முறை எடுத்த 132/84-ஐ வைத்து நோய் என்று சொல்ல முடியாது. முதல் கட்ட அளவு வந்தால் 1-2 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் 3 மாதம் கழித்து இன்னொரு முறை. மூன்று தனித்தனி வருகைகளிலும் உயர்ந்தே இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்ற பெயர்.

மறுமுறை பார்க்கும்போது நீங்களும் உடனிருந்து கவனியுங்கள். முகாம்களில் தவறு அதிகம் நடப்பது கையில் சுற்றும் பட்டையில்தான். தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே கையின் சுற்றளவை அளக்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் அந்தச் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம், அகலம் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். சுற்றளவு 30 செ.மீ. என்றால் காற்றுப்பை 24-30 செ.மீ. நீளமும் 12 செ.மீ.க்குக் குறையாத அகலமும் கொண்டதாக இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி.யைக் காட்டும். ஆக, எடை கூடிய பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பிழை அதிகம் நேர்கிறது.

அளப்பதற்கு முன் 3 முதல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்கள் தரையில் பதிய வேண்டும், கால் மேல் கால் கூடாது. சட்டைக்கு மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. வலது கையில், இதய மட்டத்தில் வைத்து எடுக்க வேண்டும். மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) பிறவியிலேயே குறுகியிருந்தால் இடது கை அளவு பொய்யாகக் குறைந்துவிடலாம். வலது கை என்பது அதற்காகத்தான். டிஜிட்டல் கருவியில் உயர்வு தெரிந்தால், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதிப்படுத்துவது முறை. மணிக்கட்டில் கட்டும் கருவி இந்த வயதுக்கு வேண்டாம்.

மாத்திரை பற்றிய பேச்சு இப்போது தேவையில்லை. சிறுநீரக நோயோ, சர்க்கரை நோயோ, தலைவலி, பார்வை மங்கல் போன்ற அறிகுறிகளோ இல்லாத முதல் கட்டத்துக்கு உணவும் உடற்பயிற்சியும்தான் முதல் மருந்து. 140/90-க்கு மேல் வந்தால் ஒரு வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 180/120-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவமனை.

கேள்வி: உலகம் முழுக்கப் பிள்ளைகளின் எடை கூடிக்கொண்டே போகிறது என்கிறார்கள். அப்படியானால் அவர்களின் பி.பி.யும் அதே வேகத்தில்தானே கூடியிருக்கும்?

பதில்: அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கணக்கு அப்படி வரவில்லை.

எடை விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் உடல் பருமன், 1990-ல் சிறுமியரிடம் 1.7 சதவீதமாகவும் சிறுவரிடம் 2.1 சதவீதமாகவும் இருந்தது. 2022-ல் அது 6.9, 9.3 என்று ஏறியது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 16 கோடிப் பேர்.

பி.பி.யின் பாதை இத்தனை நேரானது அல்ல. அமெரிக்காவில் 8-17 வயதினரிடம் 1988-94-க்கும் 1999-2000-க்கும் இடையே சராசரி மேல் எண் 1.4, கீழ் எண் 3.3 மி.மீ. (பி.பி.யை அளக்கும் அலகு) ஏறியது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதிக்குத்தான் எடை காரணம். 2001-க்குப் பிறகான ஆண்டுகளில் அதே நாட்டில் எடை குறையவில்லை, உயர் பி.பி. உள்ளவர்களின் விகிதமோ இறங்கியது. செஷல்ஸ் தீவுகளில் 1998-க்கும் 2006-க்கும் இடையே மாணவரிடம் அதிக எடை பெருகியபோதும் பி.பி. ஏறவில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் 2000-க்கும் 2015-க்கும் நடுவே குழந்தைப் பருவ உயர் ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்பதும் உண்மைதான். அந்தக் கணக்கில் 2015-ல் 14 வயதினரிடம் 7.9 சதவீதம், 19 வயதில் 3.3 சதவீதம். வயது ஏற ஏற நோய் குணமாகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. பூப்பு வயதின் வேகமான வளர்ச்சிக்கு இதில் பங்குண்டு. வயது கூடும்போது எல்லைக்கோடு மாறுவதற்கும் பங்குண்டு.

எடை பி.பி.யை ஏற்றுகிறது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. எந்த ஆண்டில் எடுத்தாலும் பருமனான பிள்ளைகளிடம்தான் உயர் பி.பி. அதிகம். ஆனால் சமூகச் சராசரியை எடை மட்டுமே இழுப்பதில்லை. உப்பு, தாயின் கர்ப்பகாலப் புகைப்பழக்கம், பிறப்பு எடை ஆகியவற்றில் வரும் மாற்றங்கள் எதிர்த்திசையில் இழுக்கக்கூடும். அளக்கும் கருவிகள் மாறியதும் இதில் கலந்திருக்கிறது. எடை ஏறுவதை மட்டும் பார்த்து, பி.பி.யும் ஏறியே தீரும் என்று தலைப்புப் போடுவது அவசரம்.

கேள்வி: என் மகள் மிகவும் ஒல்லி. அவளுக்கு பி.பி. பார்க்க வேண்டியதில்லையே?

பதில்: பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை போதும். ஒல்லியான பிள்ளைக்கு பி.பி. உயர்ந்திருந்தால் சிறுநீரகம், ரத்தக்குழாய், அல்லது சாப்பிடும் மருந்து (ஸ்டீராய்டு, மூக்கடைப்பு மாத்திரை போன்றவை) காரணமா என்று இன்னும் கூர்ந்து தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: வளரும் பையனை எடை குறைக்கச் சொல்வது சரியா? பட்டினி போடவும் மனம் வரவில்லை.

பதில்: பட்டினி வேண்டாம். உயரம் இன்னும் கூடவிருக்கும் பிள்ளைக்கு எடையை நிறுத்தி வைத்தாலே போதும். 162 செ.மீ.யில் 64 கிலோ என்றால் பி.எம்.ஐ. 24.4. அதே 64 கிலோவுடன் 170 செ.மீ. ஆனால் 22.1. உயரம் நின்றுபோன பிறகு இந்தச் சலுகை கிடைக்காது.

தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான விளையாட்டு, 8 முதல் 10 மணி நேரத் தூக்கம், சர்க்கரை பானங்களுக்கு முழுத் தடை. உப்பு பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. பாக்கெட்டில் சோடியம் என்றுதான் அச்சிட்டிருக்கும்; அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமில் 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

சின்ன வயதில் எடை கூடியிருந்தும் பெரியவர்களானபோது இயல்புக்குத் திரும்பியவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் அபாயம், என்றுமே எடை கூடாதவர்களுடையதைப் போலவே இருந்ததாக நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கட்டுரை காட்டியது. ஆகவே காலம் கடந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் பத்தாண்டுகளாக மாணவர்களின் எடையும் பி.பி.யும் பதிவேட்டில் இருக்கின்றன. கடைசி மூன்று ஆண்டுகளில் உயர் பி.பி. திடீரென இரட்டிப்பாகியிருக்கிறது. இதை நம்பலாமா?

பதில்: திடீர் என்ற சொல்தான் உறுத்துகிறது. உடல்கள் இத்தனை வேகமாக மாறுவதில்லை; அளக்கும் முறை மாறும். முதலில், அந்த ஆண்டுகளில் எல்லைக்கோடு மாறியதா என்று பாருங்கள். 2017 அமெரிக்க அட்டவணைகள் இயல்பு எடைப் பிள்ளைகளை மட்டும் வைத்துத் தயாரானவை. 2004 அட்டவணைகளைவிட எல்லை சில மி.மீ. தாழ்ந்திருக்கிறது. அட்டவணையை மாற்றினாலே, ஒரு பிள்ளைக்கும் பி.பி. ஏறாமல் சதவீதம் மட்டும் ஏறும். பழைய பதிவுகளையும் புதிய அட்டவணையில் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

அடுத்து, கருவி. பாதரச மானியிலிருந்து டிஜிட்டலுக்கு எந்த ஆண்டு மாறினீர்கள்? கையால் எடுத்த பதிவுகளில் கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். பாதரச மானி 2 மி.மீ. இடைவெளி கொண்டது; ஐந்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடிய வேண்டும். பாதிக்கு மேல் 110, 120, 130 என்று இருந்தால், அளந்தவர் உத்தேசமாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு ஆண்டு ஒரே அளவும் மறு ஆண்டு மூன்றின் சராசரியும் எடுத்திருந்தால் ஒப்பிடவே முடியாது. முதல் அளவு பெரும்பாலும் மற்றவற்றைவிட உயர்ந்தே இருக்கும். வகுப்புவாரியாக வேண்டாம், பூர்த்தியான வயதுவாரியாக, ஆண், பெண் தனித்தனியாக ஒப்பிடுங்கள். உயரமான பிள்ளைக்கு மேல் எண் இயல்பாகவே சற்றுக் கூடும். உயரத்தைக் கணக்கில் எடுக்காத ஒப்பீடு பாதி வேலைதான். தேர்வு வாரமும் குளிர் மாதமும் எண்ணை ஏற்றும். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எடுங்கள்.

இனி பதிவேட்டில் பட்டையின் அளவு, எந்தக் கை, எத்தனை முறை, கருவியின் பெயர் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு கட்டம் போடுங்கள்.