மரத்தூளை இன்றே எடுத்துவிடுங்கள்

சகோதரி, மரச்சாமான் பட்டறையில் சும்மா கிடைத்த ரப்பர் மரத்தூளைக் கூண்டில் பரப்பியதிலிருந்து உங்கள் ஹேம்ஸ்டர் (எலி போன்ற சிறு செல்லப்பிராணி) தும்முகிறது என்கிறீர்கள். அதை இன்றே எடுத்துவிடுங்கள். நுண்தூசி அதன் மூச்சுக்கு ஆகாது; போதாததற்கு, ரப்பர் மரப் பலகையைப் பூச்சி அரிக்காமலிருக்கப் போரான் மருந்தேற்றுவார்கள்.

உங்களைப் போல நானும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டப்புறம்தான். மரத்தூளுக்குப் பதிலாக, அச்சு மை படாத பழுப்புக் காகிதத்தைக் கீற்றுகளாகக் கிழித்து ஒரு சாண் உயரத்துக்குக் குவிக்கிறேன். என்னுடையது அதற்குள் சுரங்கம் தோண்டி, கன்னம் புடைக்கச் சூரியகாந்தி விதைகளைக் கொண்டுபோய் ஒளித்துவைக்கிறது. பார்க்கப் பார்க்க அலுக்காது! சிறுநீரில் நனைந்த மூலையை மட்டும் தினமும் அள்ளுங்கள். முழுவதையும் மாற்றினால் தன் வாசனை தொலைந்து மிரண்டுபோகும். அள்ளியதை மட்கவைத்துச் செம்பருத்திக்குப் போடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

மூக்கு ஒழுகினாலோ மூச்சு இரைத்தாலோ காத்திருக்காமல் பக்கத்து நகரமான ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.