தொட்டால் ஓடும் மெனு, திறந்தால் மூடாத மெனு

கேள்வி: காரைக்குடியில் வீட்டுப் பலகாரம் செய்து இணையதளம் வழியாக விற்கிறோம். ‘பலகாரங்கள்’ என்ற சொல்மேல் மவுஸை வைத்தால் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை என்று மெனு விரியும். கணினி குரோமில் ஒரு குறையும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் தொட்டதும் மெனு மின்னி மறைந்து, வேறு பக்கம் திறந்துவிடுகிறது. ஐபோனில் விரிகிறது, ஆனால் மூட மறுக்கிறது. இரண்டு போனிலும் மெனுவின் கீழ்ப்பாதி, ஓடும் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. எந்தப் பிரவுசரில் கோளாறு?

பதில்: பிரவுசர்களை விட்டுவிடுங்கள், பாவம். உங்கள் மெனு ‘ஹோவர்’ என்ற ஒன்றை நம்பி நிற்கிறது. அது மவுஸ் வந்து நிற்பதைக் குறிப்பது. விரலுக்கு வந்து நிற்கும் வழக்கம் ஏது? அதனால் ஒவ்வொரு பிரவுசரும் தனக்குத் தோன்றியபடி சமாளிக்கிறது. ஆண்ட்ராய்டு குரோம் ஒரே தட்டில் மெனுவையும் விரித்து, லிங்கையும் திறந்துவிடும். ஐபோன் சஃபாரி, முதல் தட்டில் ஏதாவது புதிதாக விரிந்தால் அதோடு நின்றுகொள்ளும். இரண்டாம் தட்டுக்குத்தான் லிங்க். வெளியே வெற்றிடத்தைத் தட்டினாலும் பல சமயம் அதைக் கிளிக்காகவே எடுத்துக்கொள்ளாது. மூடாததன் ரகசியம் அதுதான்.

‘பலகாரங்கள்’ என்பதை லிங்காக வைக்காமல் பட்டனாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு தட்டில் விரியட்டும், மறு தட்டில் மூடட்டும். ஹோவர் வேண்டுமென்றால் மவுஸ் உள்ள கருவிக்கு மட்டும் என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) நிபந்தனை போடலாம்.

படத்துக்கு அடியில் ஒளிவது வேறு கதை. இதற்கு எல்லோரும் மெனுவின் இசட்-இண்டெக்ஸை, அதாவது எது எதற்கு மேலே தெரியும் என்று சொல்லும் எண்ணை, 9999 என்று ஏற்றிப் பார்ப்பார்கள். பலன் இருக்காது. நானும் செய்திருக்கிறேன். கட்டு கட்டாகப் பிரித்துக் கட்டிய நம் செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே இரண்டாம் கட்டுக்குள் எவ்வளவு உயரமான பீரோவை நிறுத்தினாலும் முகப்பில் இருப்பவர் கண்ணில் படாது. மெனு இருக்கும் தலைப்புப் பட்டை ஒரு கட்டு. படங்களை நகர்த்தும் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ அந்தப் படவரிசையை இன்னொரு கட்டாக்கிவிடுகிறது. உள்ளே எந்த எண்ணைப் போட்டாலும் கட்டுக்கு வெளியே செல்லாது. தலைப்புப் பட்டைக்கே சிஎஸ்எஸ்ஸில் ‘பொசிஷன்’ கொடுத்து, அதன் இசட்-இண்டெக்ஸ் எண்ணைப் படவரிசையைவிட உயர்த்துங்கள். அப்படியும் மெனு பாதியில் வெட்டுப்பட்டால், எல்லை தாண்டுவதை மறைத்துவிடும் ‘ஓவர்ஃப்ளோ: ஹிட்டன்’ பட்டைக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

புதிதாக எழுதுவதென்றால் எச்டிஎம்எல்லின் ‘பாப்ஓவர்’ இந்தக் கட்டுச் சிக்கலையே தாண்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே தனி அடுக்கில் திறக்கும். குரோமிலும் சஃபாரியிலும் 2023-லும், ஃபயர்ஃபாக்ஸில் 2024-லும் வந்தது. பழைய ஐபோன்களை நம்பாமல் ஒரு மூடும் பட்டனும் வைத்துவிடுங்கள்.

அப்புறம், சோதிக்கும்போது ஒன்று: நம் ஊர் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது பக்கத்தை வரைந்து காட்டும் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தான். கணினி குரோமில் போன் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதும் குரோமைத்தான் காட்டும். வீட்டில் யாரிடமாவது ஐபோன் இருந்தால் பத்து நிமிடம் கடன் வாங்குங்கள்.