முதலில் காடு, பிறகு கடல்

கேள்வி: போர்னியோவின் சபா மாநிலத்தில் மழைக்காட்டு நடை, பவளப்பாறை முக்குளிப்பு இரண்டையும் ஒரே பயணத்தில் மேற்கொள்ள விரும்புகிறேன். எதை முதலில் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: காட்டையே முதலில் வையுங்கள். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன், மேலே வந்த பின்னும் மெல்லத்தான் வெளியேறும்; அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால் அது குமிழிகளாகித் தீங்கு செய்யலாம் என்பதால், பலமுறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை ஏறுவோரும் இதே எச்சரிக்கையை மறக்கக் கூடாது. ஆகவே கினபாலு, லஹாட் டத்து வழியாக டானும் பள்ளத்தாக்கு, இறுதியாக முக்குளிப்புக்குப் படகேறும் கடலோர ஊரான செம்பூர்ணா என்று செல்லுங்கள். டானும் காட்டில் அட்டைகள் மிகுதி. முழங்கால் வரையிலான நெருக்கமான துணிக் காலுறை அவசியம். செம்பூர்ணாவிலிருந்து படகில் சென்று முக்குளிக்கும் பேரழகு வாய்ந்த சிபடான் தீவில் 2004 முதல் விடுதிகள் இல்லை. அருகிலுள்ள மாபுல் தீவில் தங்கி, சிபடானுக்கு நாள்தோறும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையிலேயே வழங்கப்படும் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.