46-ஆவது அறையைத் தேடி: வீடியோ கேம் கேள்வி – பதில்

கே: சமீபத்தில் விளையாடியவற்றில் எதை முதலில் பரிந்துரைப்பீர்கள்?

ப: ‘ப்ளூ பிரின்ஸ்’. 2025-இல் வந்த புதிர் விளையாட்டு. தாத்தா முறையுள்ள ஒருவர் தம் மாளிகையைச் சைமன் என்ற பையனுக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார். நிபந்தனை ஒன்றுதான்: 45 அறைகள் கொண்ட அந்த வீட்டில் 46-ஆவது அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கதவில் கை வைத்தால் மூன்று அறைகளின் வரைபடங்கள் முன்னால் வந்து விழும். எதை எடுக்கிறோமோ அந்த அறைதான் கதவுக்கு அப்பால் முளைக்கும். நாளுக்கு 50 அடிகளோடு தொடங்குகிறோம். அறை மாறும்போதெல்லாம் ஓர் அடி கழியும். அடிகள் தீர்ந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. முதல் நாள் போட்ட அறைகள் அத்தனையும் மறுநாள் கலைந்திருக்கும். நாம் தெரிந்துகொண்டது மட்டும் பெரும்பாலும் கூட வரும்.

என் பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது. ஒற்றெழுத்து விட்டுப்போனால் முதுகில் அரிப்பது போன்ற உடம்பு எனக்கு. அப்படிப்பட்டவர்களுக்காகவே செய்த விளையாட்டு இது. அறைதோறும் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைச் சும்மா பார்த்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும்.

ஆனால் கோபமும் உண்டு. ஒரு புதிருக்கு விடை தெரிந்துவிட்டது; அதைச் செய்துபார்க்க இரண்டு குறிப்பிட்ட அறைகள் ஒரே நாளில் வர வேண்டும். வராது. மறுநாளும் வராது. விடை தெரிந்தவரைச் சீட்டுக் குலுக்கலுக்காகக் காக்க வைப்பது என்ன நியாயம்? 46-ஆவது அறைக்குள் நுழைந்த பிறகும் புதிர்கள் ஏராளமாக மிச்சம் இருக்கின்றன. அவற்றில் பாதியை நான் தொடாததற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான்.

கே: ‘எல்டன் ரிங்’ வாங்கினேன். வெளியே வந்ததும் பொன் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் திரும்பத் திரும்பக் கொல்கிறான். விட்டுவிடலாமா?

ப: விளையாட்டை விட வேண்டாம், அவனை விடுங்கள். அந்த மாதிரி எதிரியை வாசலிலேயே நிறுத்தியிருப்பதன் நோக்கமே, “எல்லாரோடும் இப்போதே மோத வேண்டியதில்லை” என்று உங்களுக்குப் புரியவைப்பதுதான். சுற்றிக்கொண்டு போங்கள். கோட்டை வாசலில் மார்கிட் என்ற பெரிய எதிரி தடுத்தால் அங்கேயும் முட்டிக்கொண்டு நிற்காமல் தெற்கே இறங்கித் தீபகற்பத்தைச் சுற்றுங்கள். குகைகளில் நுழைந்து, ஆயுதத்தைத் தீட்டி, ஆவிகளைத் துணைக்கு அழைக்கும் மணியையும் வாங்கிக்கொண்டு திரும்பி வாருங்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்ற தேர்வு அதில் கிடையாது. அதற்குப் பதிலாக அந்தப் பரந்த நிலம் முழுவதையும் கையில் கொடுத்திருக்கிறார்கள். துணை ஆவியை அழைப்பது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதையும் தயாரித்தவர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

கே: அப்படியானால் ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ பற்றி? உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ப: யார் சொன்னது? நாயகி ஹார்னெட் துணியை விரித்து மிதப்பதும், ஊசியைக் குறுக்காக வீசிப் பாய்வதும் இந்த வகை விளையாட்டுகளில் நான் கண்ட மிக அழகான அசைவு. 2019-இல் அறிவித்து 2025 செப்டம்பர் 4-இல் வெளியிட்டார்கள். வெளியான அன்று வாங்கப் போனவர்களின் நெரிசலில் இணையக் கடைகளே முடங்கின. ஒரு சிறிய குழு இத்தனை பெரிய உலகைக் கையால் வரைந்திருப்பதை நினைத்தால் அந்த ஆண்டுகள் எல்லாம் எங்கே போயின என்று கேட்கத் தோன்றாது.

என் புகார் வேறு. எதிரி கடினமாக இருக்கட்டும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எதிரிகளின் பல அடிகள் இரண்டு முகமூடிகளைப் பறிக்கின்றன. முகமூடிதான் இதில் உயிர்க் கணக்கு, இருப்பதே ஐந்து. அதுவும் போகட்டும். தோற்றபின் மறுபடி அந்த எதிரியிடம் போய்ச் சேருவதற்குள் முட்களும் பறக்கும் பூச்சிகளும் நிறைந்த ஒரு நீண்ட வழியை ஒவ்வொரு முறையும் கடக்க வேண்டியிருக்கிறது. ‘கடைசி நீதிபதி’ என்ற பெரிய எதிரியிடம் போகிற வழியைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். சண்டை எனக்கு ஏதாவது கற்றுத் தருகிறது. அந்த வழியோ ஏற்கெனவே தெரிந்த பாடத்தை இம்போசிஷன் எழுத வைக்கிறது. வெளியான சில நாட்களிலேயே தொடக்கப் பகுதியின் சில சண்டைகளைத் தயாரிப்பாளர்களே ஒரு திருத்த வெளியீட்டின் (பேட்ச்) மூலம் கொஞ்சம் இளக்கினார்கள். வழியை இளக்கியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

கே: ‘பலாட்ரோ’ சூதாட்டம்தானே? என் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

ப: சீட்டுக்கட்டைப் பார்த்ததும் பதற வேண்டாம். அதில் உண்மைப் பணத்துக்கு இடமே இல்லை. போக்கர் விளையாட்டின் சேர்க்கைகளை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது: ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, வரிசையாக ஐந்து சீட்டு என்பன போல. அந்தச் சேர்க்கைக்கு ஒரு மதிப்பு, அதைப் பெருக்க ஓர் எண். 150 ஜோக்கர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவனும் இந்தப் பெருக்கலில் ஒவ்வொரு விதமாகக் குட்டையைக் குழப்புகிறான். ஐந்து ஜோக்கர்களைச் சரியான வரிசையில் நிறுத்தி, நூறுகளில் இருந்த மதிப்பெண் லட்சங்களுக்குத் தாவுவதைப் பார்ப்பதுதான் போதை. ஆம், போதை என்றுதான் சொல்கிறேன். உங்கள் கவலை நேரத்தைப் பற்றியதாக இருக்கட்டும், சூதைப் பற்றியதாக வேண்டாம்.

ஐரோப்பிய வயதுத் தர அமைப்பான பெகி முதலில் இதற்கு 18 என்று முத்திரை குத்தியது. பொட்டலம் பிரித்து ஆட்டக்காரர்களை வாங்க உண்மைப் பணம் கேட்கும் கால்பந்து விளையாட்டுக்கு அதே அமைப்பு தந்திருந்த வயது 3! மேல்முறையீட்டுக்குப் பின் 2025-இல் பலாட்ரோவை 12 என்று மாற்றினார்கள்.

கே: கதைக்காக விளையாடுபவன் நான். ‘எக்ஸ்பெடிஷன் 33’ அவ்வளவு உயர்த்தியா?

ப: முதல் அரைமணி நேரம் உயர்த்திதான். கடலுக்கு அப்பால் ஓர் ஓவியக்காரி ஆண்டுக்கு ஒரு முறை எழுந்து ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதினர் பூவிதழ்களாக உதிர்ந்து மறைகிறார்கள். அடுத்த ஆண்டு எண் ஒன்று குறையும். துறைமுகத்தில் குஸ்தாவ், தன் முன்னாள் காதலி சோஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சியில் யாரும் உரக்க அழுவதில்லை. எல்லாரும் தேதி தெரிந்தே வந்தவர்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

சண்டை முறைவைத்து நடப்பது. ஆனால் எதிரியின் முறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அவன் வாள் வரும் கணத்தில் பொத்தானை அழுத்தித் தட்டிவிட வேண்டும். என் விரல்கள் மெதுவானவை. அதனால் எதிரிகள் வேண்டுமென்றே தாமதித்து ஓங்கும் அடிகளைக் கணக்கிடக் கண்ணை விட்டுவிட்டுக் காதை நம்பினேன். பலன் கிடைத்தது.

மூன்றாம் பகுதியில் தராசு சாய்கிறது. ஓர் அடியின் உச்சம் 9,999 என்ற வரம்பு அங்கே உடைகிறது. சுற்றித் திரிந்து ஊர் உலகத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிச் சண்டைக்குப் போனால், வில்லன் வசனம் முடிப்பதற்குள் விழுந்துவிடுகிறார். கதைக்காக விளையாடுபவர் என்பதால் சொல்கிறேன்: அந்த முடிவை முதலில் பார்த்துவிடுங்கள், ஊர் சுற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: யூடியூபில் ஒருவர் விளையாடுவதைப் பார்த்தால் போதாதா? எதற்குச் செலவு?

ப: எக்ஸ்பெடிஷனுக்குப் போதும், ஏறக்குறைய. ப்ளூ பிரின்ஸுக்கும் கீழே சொல்லப்போகும் கப்பலுக்கும் போதவே போதாது.

கே: என் கணினி பழையது. பெரிய விளையாட்டுகள் எதுவும் ஓடாது. எனக்கு ஏதாவது சொல்லுங்களேன்.

ப: ‘அனிமல் வெல்’ மொத்தமே சுமார் 33 எம்பி. ஒரே மனிதர் ஏழு ஆண்டுகள் போலச் செதுக்கியது. பலாட்ரோவும் ஓடும்.

கூடவே, 2018-இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. இத்தனை ஆண்டுகள் கழித்து இப்போதுதான் அதன் பக்கம் போனேன். ஆண்டு 1807. காணாமற்போன வணிகக் கப்பல் ஒன்று ஆளில்லாமல் கரைக்கு மிதந்து வருகிறது. நாம் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று, யார் செய்தது என்று பேரேட்டில் நிரப்ப வேண்டும். கையில் ஒரு கடிகாரம். எலும்புக்கூட்டின் முன் அதைத் திறந்தால் அவர் செத்த கணம் உறைந்த காட்சியாக விரியும். அதற்கு முன் சில நொடிகள் இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும். திரையில் இரண்டே நிறம்.

யாரும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு சாவதில்லை. உச்சரிப்பு, சீருடை, யார் யாரோடு நிற்கிறார் என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மாலுமிகள் படுக்கும் துணித்தொட்டிலில் தொங்கும் எண்ணையும் பணியாளர் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உறைத்தபோது நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன். மூன்று பேரின் கதி சரியாக இருந்தால் மட்டுமே விளையாட்டு “சரி” என்று அச்சிடும். ஒவ்வொருவராக ஊகித்து ஏமாற்ற முடியாதபடி எவ்வளவு அடக்கமான ஏற்பாடு! நான் பார்த்த எந்தப் பதிப்பாசிரியரும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

கே: தங்கையோடு சேர்ந்து விளையாட?

ப: ‘ஸ்ப்ளிட் ஃபிக்ஷன்’. தனியாக விளையாடவே முடியாது. ஒருவர் வாங்கினால் மற்றவர் நண்பர் அனுமதியில் இலவசமாகச் சேரலாம். நான் அக்காள் மகனோடு ஆடினேன். நாயகிகள் மியோ, ஸோயி இருவரின் உரையாடல் சவசவ என்றிருக்கும். ஆனால் ஒரு புதுமையைக் காட்டி, அது அலுக்கும் முன்பே தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைக் கொண்டுவருகிறார்கள். பன்றிகளாகத் துள்ளித் திரியும் கிளைக்கதை ஒன்று இருக்கிறது. அது எப்படி முடிகிறது என்று தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

கே: ‘ஹேடிஸ் 2’, முதல் பாகம் – எது மேல்?

ப: சண்டை இரண்டாவதில் மேல். நாயகி மெலினோயி தரையில் வட்டம் போட்டு எதிரியைக் கட்டிவைக்கிறாள். கீழே குரோனோஸை நோக்கி ஒரு வழி, மேலே ஒலிம்பஸை நோக்கி இன்னொரு வழி என்று ஆட்டமும் இரட்டிப்பாகியிருக்கிறது. இருந்தாலும் முதல் பாகத்தில் நாயகன் ஸேக்ரியஸ் ஒவ்வொரு முறையும் செத்து இரத்தக் குளத்திலிருந்து எழுந்து வரும்போது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா கோப்பிலிருந்து தலை நிமிராமலே ஒரு குத்தல் பேச்சுப் பேசுவாரே, அதற்கு ஈடாக இதில் ஒன்றுமில்லை. முதலாவதுக்கே என் ஓட்டு.