வாசகர் கேள்வி – பதில்: விலை ஏறிய ஊரில் வீடு வாங்குவது

கேள்வி: நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். என் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்குமாக மாதம் 55,000 ரூபாய் வருகிறது. சீட்டுப் போட்டும் நகையை விற்றும் 15 லட்சம் சேர்த்திருக்கிறோம். சூரமங்கலம் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு 50 லட்சம் கேட்கிறார்கள். பத்திரத்தில் 32 லட்சம் மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகத் தந்தால் பத்திரச் செலவு மிச்சம் என்கிறார் வீட்டுக்காரர். வாங்கலாமா?
— ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. (2023இல் பதிவுக் கட்டணத்தை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்த அரசு, அதே நாளில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் சொத்து மதிப்பை, 2017க்கு முந்தைய அளவுக்கு ஏற்றியது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கதைதான்.) 50 லட்சத்துக்கும் முறைப்படி பத்திரம் போட்டால் இந்தச் செலவு நாலரை லட்சம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், அதற்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 விழுக்காடு வரையிலும் வங்கி கொடுக்கலாம். ஆகவே அதிகபட்சம் 40 லட்சம் கடன் கிடைக்கும். உங்கள் கையிலிருந்து 10 லட்சமும் பத்திரச் செலவும் சேர்த்துப் பதினாலரை லட்சம் போக வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 40 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய் வரும். 55,000 வருமானத்தில் இவ்வளவு பிடித்தம் போவதை வங்கி ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொண்டாலும் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் வீட்டில் அடுப்பெரிவது சிரமம்.

இனி வீட்டுக்காரர் சொல்லும் வழி. பத்திரத்தில் இருப்பது 32 லட்சம் என்றால் வங்கியின் கணக்கும் அந்த 32 லட்சத்திலிருந்துதான் தொடங்கும். 90 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும் 28 லட்சத்து 80 ஆயிரம்தான் கிடைக்கும். தவணை 25,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் கையிலிருந்து தர வேண்டிய தொகை, பத்திரச் செலவோடு சேர்த்து, 24 லட்சத்தைத் தாண்டும். பத்திரச் செலவில் 1,62,000 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக நீங்கள் மேற்கொண்டு ஒன்பது லட்சத்துக்கு மேல் புரட்ட வேண்டும்; அதை மூன்று வட்டிக்கு வாங்கினால் வட்டிக்கு மட்டுமே மாதம் 27,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். முதல் வழியில் சேமிப்புப் போதுகிறது, சம்பளம் போதவில்லை. இரண்டாம் வழியில் சம்பளம் போதுகிறது, சேமிப்புப் போதவில்லை. உங்களைப் போன்ற குடும்பங்களை விலையேற்றம் நெருக்குவது இந்த இடத்தில்தான்.

ரொக்கத்தில் வேறு ஆபத்துகளும் உண்டு. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதற்கான அபராதம் ரொக்கத்தை வாங்கிய வீட்டுக்காரர் மீது விழும் என்றாலும், பேரம் முறிந்தால் 18 லட்சம் கொடுத்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. நாளை நீங்களே அந்த வீட்டை விற்கும்போது, வாங்கிய விலை 32 லட்சம் என்றுதான் ஆவணம் சொல்லும்; மறைத்த 18 லட்சமும் உங்கள் ஆதாயமாகக் கருதப்பட்டு வரி கேட்கப்படும்.

உங்கள் வருமானத்துக்கும் சேமிப்புக்கும் பொருந்துவது 35 லட்சத்துக்கு உட்பட்ட வீடு. 25 லட்சம் கடனுக்குத் தவணை ஏறத்தாழ 21,700 ரூபாய். பத்திரச் செலவு போகக் கையில் ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் உள்ளவர்கள், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் வாங்கினால், ஐந்து ஆண்டுத் தவணைகளில் 1,80,000 ரூபாய் வரை வட்டி மானியம் பெறலாம். குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் நிலையான வீடு இருக்கக்கூடாது. கடன் வாங்கும் வங்கிக் கிளையிலேயே இந்த மானியத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சூரமங்கலத்தில் அந்த விலைக்கு அமையாமல் போகலாம். கொண்டலாம்பட்டி, அயோத்தியாப்பட்டினம் பக்கமும் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று: பட்டறைக் கூலி கையில் ரொக்கமாக வருவதாக இருந்தால் வங்கியின் கண்ணுக்கு அது வருமானமே இல்லை. வரி கட்ட வேண்டிய தேவை இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவாருங்கள். கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கைக் காட்ட முடியாதவர்கள்தான் கூடுதல் வட்டி கேட்கும் தனியார் நிதி நிறுவனங்களின் வாசலுக்குப் போய்ச் சேருகிறார்கள்.

கேள்வி: ஓமலூர் அருகே ஒரு மனை பாதி விலைக்கு வருகிறது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ இருக்கிறது என்கிறார் தரகர். நம்பலாமா?
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: விலை பாதியாக இருப்பதற்குக் காரணம் அந்த ‘அப்ரூவல்’தான். ஊராட்சித் தலைவர் தாமே கையெழுத்திட்டு ஒரு மனைப்பிரிவை அங்கீகரிக்க முடியாது. நகர் ஊரமைப்புத் துறையின், அதாவது டிடிசிபியின், ஒப்புதல் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன்பின் 2017இல் வந்த வரன்முறைத் திட்டமும் 20.10.2016க்கு முன் விற்கப்பட்ட மனைகளையும் மனைப்பிரிவுகளையும் கருதி வந்ததே. தரகரிடம் டிடிசிபி எண்ணையும், மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா எனப்படும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்து, மூலப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே மேற்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: வட்டி குறைந்து வருகிறதாமே, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?
— ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, ஒரு விழுக்காடு குறைத்தது. 20 லட்சம் கடனை 20 ஆண்டுகளில் அடைப்பவருக்கு, வட்டி ஒன்பதரையிலிருந்து எட்டரைக்கு இறங்கினால், மாதம் ஏறத்தாழ 1,290 ரூபாய் மிச்சம். நீங்கள் காத்திருக்கும் காலத்தில் வீட்டு விலை மூன்று லட்சம் ஏறி, அதையும் கடனாக வாங்க நேர்ந்தால் தவணை 2,600 ரூபாய் கூடிவிடும். வட்டியைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். முன்பணம் சேர்ந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மூன்று தலைமுறையாக ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை செய்கிறோம். வெளியூர்க்காரர்கள் வந்து வாங்குவதால் இரண்டு சென்ட்கூட எங்களுக்கு எட்டவில்லை. ஒருவர் தம் நிபந்தனைப் பட்டா நிலத்தில் கொஞ்சம் மலிவாகத் தருகிறார்.
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: விடுமுறைக்கு வந்து தங்குவதற்காக வாங்குபவர் கொடுக்கும் விலையைத் தோட்டக் கூலியால் துரத்திப் பிடிக்க முடியாது; உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனாலும் அந்த நிலத்தை வாங்காதீர்கள். நிபந்தனைப் பட்டா அரசு ஒப்படை செய்த நிலத்துக்கு உரியது. நிபந்தனையை மீறி விற்றால் பட்டாவை ரத்து செய்து நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம், வங்கியும் கடன் தராது. மலைப்பகுதி என்பதால் கட்டட அனுமதிக்கும் தனி விதிகள் உண்டு. உங்களுக்குச் சொந்த மனையோ வீடோ இல்லை என்றால் ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிசையில் இருப்பவர்களுக்கு 3,50,000 ரூபாயில் வீடு கட்டித் தர 2024இல் தொடங்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ போன்ற திட்டங்களுக்கும் முதலில் கேட்கப்படுவது மனைப் பட்டாதான். ஆகவே அந்த மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.