ஏற்றியது உறுப்பினர், விளம்பரப் பணம் எனக்கு: வழக்கு வருமா?

கேள்வி: கதைகளை யார் வேண்டுமானாலும் பதிவேற்றக்கூடிய இணையதளம் நடத்துகிறேன். கட்டணம் கிடையாது, தானியங்கி விளம்பரங்களால் கொஞ்சம் வருமானம் வருகிறது. ஓர் உறுப்பினர் வேறொருவரின் நாவலை முழுவதுமாக ஏற்றிவிட்டார். நானும் அதை ‘இந்த வாரத் தேர்வு’ என்று முகப்பில் வைத்தேன். இப்போது எழுத்தாளரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘உரிமை உரியவர்களுக்கே’ என்று தளத்தில் போட்டிருக்கிறேனே, போதாதா?

பதில்: போதாது. அனுமதி இல்லாத இடத்தில் அந்த வரிக்கு மதிப்பில்லை. நாவலை இன்றே நீக்குங்கள். நோட்டீசுக்குப் பதில் எழுதுவது அப்புறம். முறையான புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும் என்கிறது பதிப்புரிமை விதிகள் 2013-இன் 75ஆம் விதி. நீக்கும்போது தடயத்தையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். ஏற்றியவரின் கணக்கு விவரம், தேதி, அந்தப் பக்கத்தின் விளம்பர வருமானக் கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

விளம்பரம் ஓடியது என்ற ஒரே காரணத்தால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடமாட்டீர்கள். பயனர்களே பாட்டும் படமும் ஏற்றும் மைஸ்பேஸ் என்ற தளத்தின் மீதான வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு இதைத்தான் சொன்னது: கணினி தானாக விளம்பரம் சேர்ப்பதை வைத்து, உள்ளடக்கம் திருட்டு என்று தளத்துக்குத் தெரிந்திருந்ததாகக் கொள்ள முடியாது.

உங்கள் சிக்கல் அந்த ‘வாரத் தேர்வு’தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்காத, மாற்றாத இடைத்தரகருக்கு, அதாவது பிறர் ஏற்றுவதற்கு இடம் மட்டும் தரும் தளத்துக்கு, உரியது. நீங்களோ கையால் எடுத்து முகப்பில் வைத்திருக்கிறீர்கள். அனுமதியில்லாத படைப்பை வெளியிட லாபத்துக்காக இடம்கொடுப்பதையும் பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு மீறலாகவே பார்க்கிறது. மீறல் என்று தெரியாது, சந்தேகிக்கவும் காரணமில்லை என்று காட்டினால்தான் தப்பலாம். அச்சில் வந்த நாவல் என்றால் அந்த வாதம் எடுபடுவது கடினம். லாபம் என்ற இடத்தில்தான் விளம்பரக் கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். நஷ்டஈட்டோடு அந்த லாபத்துக்கும் கணக்குக் கேட்க எழுத்தாளருக்கு 55ஆம் பிரிவில் வழி உண்டு.

ஆகவே சமரசமே நல்லது என்பேன். ஒருவர் உழைத்து எழுதியதை அவருக்குத் தெரியாமல் ஊருக்கே கொடுத்திருக்கிறோம்; அவர் கோபம் நியாயமானது. வழக்கறிஞர் மூலமாகப் பதில் அனுப்புங்கள்: நீக்கிய நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்தப் பக்கத்தில் வந்த விளம்பரத் தொகையைத் தர முன்வாருங்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளும் வாசகம் அதில் வேண்டாம். ஏற்றிய உறுப்பினரிடமும் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். அனுமதிக் கடிதம் ஏதாவது அவர் கையில் இருந்தால், பதில் அனுப்பும் முன்பே அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.