தஜின் சட்டி இல்லாம மொராக்கோ சிக்கன் வீட்டுல செய்ய முடியுமா?

தாராளமா முடியும். சட்டிய வாங்கி உடைச்சவன் சொல்றேன்.

ஏதோ வீடியோ பாத்துட்டு அந்த கூம்பு மூடி மண்சட்டிய கார்ட்ல போட்டு வச்சுட்டுதான் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன், கொஞ்சம் பொறுங்க. நான் மொராக்கோவுல, காசாபிளாங்கா நகரத்துல ரெண்டு வருஷம் வேலை பாத்தேன். கிளம்பும்போது ஆசையா ஒரு தஜின் வாங்கி, துணிக்குள்ள பச்சக்குழந்தை மாதிரி சுத்தி, வெயிட் ஏறிடுச்சேன்னு ரெண்டு ஜோடி ஷூவ அங்கயே போட்டுட்டு வந்தேன். சென்னை வந்து முதல் நாளே, ஊறவும் வைக்கல, அடியில தகடும் வைக்கல, நேரா கேஸ்ல ஏத்தி நம்ம பழக்கத்துல தீய முழுசா வச்சுட்டேன். பத்தே நிமிஷம், 'டப்'புன்னு ஒரு சத்தம், குழம்பு பூரா பர்னருக்குள்ள.

இத்தனைக்கும் எனக்கு சமையல் சொல்லிக்குடுத்த மாடி வீட்டு லல்லா (அங்க பொம்பளைங்கள மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க) செஞ்சதே பிரஷர் குக்கர்லதான்! "மண்சட்டி ருசி வருமா"ன்னு கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு, கரி அடுப்புல மணிக்கணக்கா வெந்தா அது தனி ருசிதான், ஒத்துக்குறேன், உங்க ஃபிளாட்ல கரி அடுப்பு வைக்க விடுவாங்களா? எனக்கெல்லாம் கோழி சமைக்கவே விடல. திரும்பி வந்து வீடு தேடுனப்ப நாலு ஓனரு, அட்வான்ஸ் பேசி முடிச்சப்புறம், "நான்வெஜ் உண்டா?"ன்னு கேட்டு கதவ சாத்துனாங்க. முதல்லயே சொன்னா ஆட்டோ காசாவது மிச்சமாகும்ல. சரி விடுங்க.

ருசி சட்டில இல்ல, வெங்காயத்துலயும் உப்பு எலுமிச்சைலயும்தான் இருக்கு. ஒரு கிலோ கோழிக்கு மூணு பெரிய வெங்காயம், துருவித்தான் போடணும். இஞ்சி பூண்டு பேஸ்ட்ட எடுக்காதீங்க ப்ளீஸ், அங்க சுக்குப்பொடிதான். பூண்டு அஞ்சு பல், மஞ்சள், மிளகு, ஒரு சிட்டிகை குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய், மல்லித்தழை ஒரு கைப்பிடி. எல்லாத்தையும் கோழில பிசைஞ்சு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அரை டம்ளர் தண்ணில வேக வைங்க. வெந்ததும் கோழிய தனியா எடுத்துட்டு, ஈரல இருந்தா மசிச்சு விட்டு, எண்ணெய் பிரிஞ்சு தொக்கு மாதிரி வர்ற வரைக்கும் வத்த விடணும், இங்கதான் நம்மாளுங்க அவசரப்படுறது. அங்கயும் நாட்டுக்கோழி, பிராய்லர் பஞ்சாயத்து உண்டு, பெல்தி, ரூமின்னு சொல்வாங்க. பெல்தின்னா இன்னும் நேரம் புடிக்கும்.

உப்பு எலுமிச்சைக்கு, எலுமிச்சைய நாலா கீறி, கல்லுப்பு அடைச்சு, சாறுலயே முங்க வச்சு ஒரு மாசம் விடணும். வெயில் வேணாம், மிளகாப்பொடி வேணாம். சதைய வழிச்சுட்டு தோல மட்டும் கடைசில போடுங்க. அவசரத்துக்கு நம்ம ஊறுகாய போட்டுப் பாத்தேன், கோழி ஊறுகாய்தான் வந்துச்சு.

காரமே இல்லையேன்னு என் தம்பி திட்டுனான். காரத்துக்கு ஹரிஸான்னு மிளகா விழுது இருக்குடா, ஆனா அது துனிசியாக்காரங்க பெருமை, அவங்க தஜின்னு சொல்றதோ முட்டைய ஊத்தி ஓவன்ல வேக வைக்கிற வேற ஐட்டம். தொட்டுக்க ரொட்டிதான், குஸ்குஸ் (கோதுமை ரவைல செய்யறது) அங்க வெள்ளிக்கிழமை தனி சமையல்.

ஆ, எலுமிச்சைத் தோலோட ஆலிவ் காயும் போடணும், அதுக்கு முன்னாடி ஆலிவ்வ தனியா ஒரு கொதி விட்டு அந்த தண்ணிய கொட்டிடுங்க. எலுமிச்சைலயே உப்பு இருக்கு, ரெண்டும் சேந்தா வாயில வைக்க முடியாது.